பலாச்சுளையும் குடலடைப்பும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலப் பகுதியில் பலாப்பருவம் வந்ததும், வயலுக்குச் செல்லும் கமக்காரர் வெறும் வயிற்றிலேயே சுளைகளை நிறைய உண்டு பசியாறுவதுண்டு. சிங்கள மக்கள் சோற்றுமரம் என்று போற்றும் மரத்தைக் குறைகூறுதல் இங்கு நோக்கமன்று. உண்ணும் முறையிலேயே இடர் உளது.

பலா இருவகைப்படும். சதை உறுதியானது வருக்கை, சிங்களத்தில் வரக்கா. சதை குழைந்து நார் மிகுந்தது கூழன்; சிங்களத்தில் வெல. வருக்கையை மென்றாலன்றி விழுங்கவியலாது. கூழனோ நாவில் வைத்ததும் வழுக்கி இறங்கிவிடும். இனிப்பில் மயங்கி இருபது சுளைகளை மெல்லாமலே விழுங்குவோரும் உளர்.

மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வைக்கோலையும் சிதைத்துவிடும். மனிதருக்கு அவ்வசதி இல்லை. மெல்லாத நார் இரைப்பையில் ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகலாம். அவ்வுருண்டை குடலில் இறங்கினால், சிறுகுடல் பெருங்குடலோடு சேருமிடத்தருகே, குடல் மிக ஒடுங்கிய பகுதியில், பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். கொரியா, யப்பான், இஸ்ரேல் ஆகிய நாடுகளில் இதற்குப் பேர்போன காரணம் பேர்சிமன் பழமாகும். அதன் துவர்ப்புச்சத்து இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து உறைந்து, நாரைக் கல்போல் இறுக்குகிறது. மீன்வலைக்குச் சாயமேற்ற உதவும் நமது பனிச்சையும் அவ்வினத்து மரமே.

பல்லிழந்த முதியோரும், நீரிழிவால் இரைப்பையின் இயக்கம் தளர்ந்தோரும் மிகக் கவனமாயிருத்தல் வேண்டும். இரைப்பைப் புண்ணுக்காகச் சத்திரசிகிச்சை பெற்றோர் இவர்களிலும் கூடுதலான ஆபத்துக்குள்ளாவர். 1970களின் பிற்பகுதியில் அமிலங்குறைக்கும் புதிய மாத்திரைகள் வருமுன்னர் அச்சிகிச்சை பெருவழக்காயிருந்தது; அன்று அதனைப் பெற்றோர் இன்று முதியோர். அவர்களது இரைப்பையில் அமிலமும் அரைக்கும் திறனும் குறைவு.

விட்டுவிட்டு முறுக்கும் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப் பொருமல், மலமும் காற்றும் வெளியேறாமை ஆகியன அடைப்பின் குறிகள். வலி விடாது நிலைத்து நிற்பின் குடல் அழுகத் தொடங்கியிருக்கவுங்கூடும். இந்நிலையில் வீட்டார் பேதிமருந்து கொடுப்பது பெருந்தீங்கு. அடைபட்ட குடலை அது மேலும் முறுக்கும். உணவோ, கசாயமோ, சோடாவோ கொடுத்தலும் ஆகாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி அம்புலன்ஸ் வண்டி வரும். நோயாளியை மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுசென்று, உண்ட பழத்தையும் அளவையும், முன்னர் பெற்ற சத்திரசிகிச்சையையும் வைத்தியரிடம் மறைக்காமற் கூறல் வேண்டும். சில வேளைகளில் குடலை வெட்டாமலே உருண்டையைப் பெருங்குடலுக்குள் தள்ளிவிட இயலும். இரைப்பையில் இன்னோர் உருண்டை கிடக்கிறதா என்றும் வைத்தியர் தேடிப் பார்ப்பர்.

முதியோருக்குச் சுளை கொடுக்கும்போது சடையை முற்றாக நீக்கி, நாருக்குக் குறுக்கே சிறு துண்டுகளாக அரிந்து, ஒரு வேளைக்கு இரண்டு மூன்று சுளைகளுக்கு மேற்படாது கொடுப்பது நன்று.