மிதக்கும் நிலம்

சேற்று வயலில் கால் புதையும்போது, அம்மண்ணில் காற்று இல்லை என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. உலர்ந்த மண்ணின் துகள்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு; அவற்றில் காற்று நிறைந்திருக்கும். நீர் தேங்கினால் அவ்விடங்களை நீரே பிடித்துக்கொள்ளும். காற்றில் பரவுவதைவிட நீரில் உயிர்வளி ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எஞ்சிய உயிர்வளியையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. பின்னர் அவை மண்ணிலுள்ள நைட்ரேட்டையும் இரும்புத் துருவையும் பயன்படுத்தத் தொடங்கும். துரு கரைவதால் செந்நிற மண்ணும் நாளடைவில் சாம்பல் நிறம் பெறும். வேர்களை ஒட்டி மட்டும் செம்புள்ளிகள் ஆங்காங்கே காணப்படும். சேற்றைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவினுடையது. ஆகவே கடுங்கோடையிலும், மண்ணின் நிறத்தைக் கொண்டே அது நெடுநாள் நீரில் கிடந்த நிலம் என்பதை மண்ணியல் வல்லுநர் அறிந்துகொள்வர்.

இத்தகைய மண்ணில் பெரும்பாலான செடிகள் வேரழுகி மடியும். நெல், நாணல், தாமரை போன்றவை மட்டும் செழிக்கும். அவற்றின் உள்ளே காற்று செல்லும் வழிகள் இருப்பதே காரணம். தாமரைத் தண்டை ஒடித்தால் அத்துளைகளைக் கண்ணாலேயே காணலாம்.

உயிர்வளி குறைந்த இடத்தில் இலைதழை எளிதில் மட்குவதில்லை. அடுக்கடுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் இது ஒரு விந்தையை நிகழ்த்தியுள்ளது. மண்ணும், வேர்களும், பாதி மட்கிய தாவரங்களும் பின்னிப் பிணைந்து மிதக்கும் திட்டுகளாகியுள்ளன. அவற்றை அங்குள்ளோர் ‘பும்டி’ என்பர். திட்டின் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்திருக்கும். சிறுபகுதியே வெளியே தெரியும். சில திட்டுகளின்மேல் மீனவர் குடிசை அமைத்து வாழ்ந்துள்ளனர்.

ஏரியின் தென்கிழக்கில் ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் பரப்புடைய கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்கா உள்ளது. சங்காய் மான் இயற்கையாக வாழும் ஒரே இடம் அதுவே. அழிந்தே போயிற்று என 1951-இல் கருதப்பட்ட இம்மான், 1953-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. 1975-இல் எண்ணியபோது 14 மான்களே இருந்தன. பாதுகாப்பின் பயனாக 2016-இல் அவ்வெண்ணிக்கை 260 ஆயிற்று.

ஆயினும் மான் நிற்கும் தரை மெலிந்துவருகிறது. முன்பு வறண்ட மாதங்களில் நீர் வடிய, திட்டுகள் ஏரியின் அடியில் சென்று படியும். வேர்கள் அங்குள்ள மண்ணில் ஊட்டம் பெறும். மழை வந்ததும் அவை தடித்து மேலெழும். நீரில் மிதக்கும் நிலத்துக்கு வறட்சியும் தேவைப்பட்டது! நீர்மின் திட்டத்திற்காக 1983-இல் இத்தாய் தடுப்பணை செயற்பட்டபின் ஆண்டு முழுவதும் நீர்மட்டம் உயர்ந்தே நிற்கிறது. திட்டுகள் அடிமண்ணைத் தொடுவது அரிதாயிற்று. மெலிந்த இடங்களில் மானின் குளம்பு உள்ளே இறங்கிவிடுகிறது. மின்சாரமும் பாசனமும் மணிப்பூருக்கு வேண்டியவையே. அணையின் கதவுகளை எப்போது, எவ்வளவு திறப்பது என்பதே இன்று அங்குள்ள வழக்கு.

சிந்தித்து விடை எழுதுக:
1. நீர் தேங்கிய செந்நிற மண் சாம்பல் நிறமாவது ஏன்?
2. ‘நீரில் மிதக்கும் நிலத்துக்கு வறட்சியும் தேவைப்பட்டது’ – விளக்குக.