உன் பல்லும் நம் ஊர்த் தண்ணீரும்

அன்புள்ள கயல்,

கிளிப் போட்டு ஒரு மாதம் ஆவதற்குள் இரண்டு பிராக்கெட் கழன்றுவிட்டன என்று எழுதியிருந்தாய். முறுக்கு கடித்ததுதான் காரணம் என்று அம்மா திட்டுகிறாளாம். முறுக்குக்கும் பங்கு உண்டு. ஆனால், எட்டு வயதுவரை முல்பாகல் பக்கம் பாட்டி வீட்டில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவள் நீ. எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வந்தது.

முன்பெல்லாம் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டித்தான் கம்பி கட்டுவார்கள். 1955-ல் மைக்கேல் புவோனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், பாஸ்பாரிக் அமிலம் தடவிய எனாமலைப் பிசின் இறுகப் பற்றிக்கொள்கிறது என்று காட்டினார். கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டை நேராகப் பல்லிலேயே ஒட்டும் வழி அதிலிருந்து பிறந்தது.

உன் பல்லிலும் அதுவே நடந்தது. 37 சதவீத அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவி, காற்றடித்து உலர்த்துவார்கள். பல்லின் பளபளப்பு போய், சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுக்கும். அந்த வெளுப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகினால்தான் பிடிப்பு. அந்த நேரத்தில் நாக்கு தவறிப் பட்டாலோ எச்சில் பட்டாலோ துளைகள் அடைபட்டுவிடும்; திரும்ப அமிலம் வைக்க வேண்டும். வாயைத் திறந்தபடி அசையாமல் இரு என்று டாக்டர் அத்தனை முறை சொன்னது இதற்குத்தான்.

பிறகு பசை தடவிய பிராக்கெட்டை வைத்து அழுத்தி, ஓரத்தில் பிதுங்கியதை வழித்தெடுப்பார்கள். ஒளி படாதவரை பசை இளகியே இருக்கும் என்பதால், நிதானமாக நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தலாம். இரண்டு பசைகளைக் கலந்த கையோடு அவசர அவசரமாக ஒட்டிய காலத்தோடு பார்த்தால் இது பெரிய வசதி. நீல ஒளி பட்டதும் பசையில் உள்ள கேம்ஃபர்குவினோன் தூண்டப்பட்டு, பசை சில விநாடிகளில் கெட்டியாகிறது. உலோகத்தை ஒளி ஊடுருவாது. ஆகவே விளக்கைப் பிராக்கெட்டின் இரு பக்கமும் சாய்த்துக் காட்டுவார்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். பாட்டி வீடு இருக்கும் கோலார் மாவட்டத்தின் பல ஊர்களில் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரம். எனாமல் உருவாகும் வயதில் அதைவிட அதிகம் குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும், முற்றினால் பழுப்புக் கறையும் விழும். அப்படிப்பட்ட பல்லின் மேற்பரப்பு அமிலத்துக்கு எளிதில் இளகாது. வழக்கமான நேரம் வைத்தால் போதிய துளை விழாமல் போகலாம். கோலார் தங்கவயலிலேயே வளர்ந்த உன் அம்மா பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் குடித்தவள். அவள் பல்லில் அந்தத் திட்டு கிடையாது.

ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பார். திட்டு தெரிந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் காட்டி, எந்தத் தண்ணீர் குடித்தாய் என்பதையும் சொல். அமிலத்தைக் கூடுதல் நேரம் வைப்பதா, மேற்பரப்பை நுண்துகள் பீய்ச்சி லேசாகத் தேய்ப்பதா என்று அவர் பார்த்து முடிவெடுப்பார். இதற்கென்றே தனி ப்ரைமர்களும் உண்டு.

கழன்ற பிராக்கெட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போ. பசை பிராக்கெட்டின் அடிவலையில் ஒட்டியிருக்கிறதா, பல்லில் தங்கிவிட்டதா என்று பார்த்தாலே பிடிப்பு எங்கே விட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். வீட்டில் ஃபெவிக்விக் வைத்து ஒட்டிப் பார்க்காதே.

அன்புடன்,
மாமா