வரி ரசீது முதல் வடிகால் பள்ளம் வரை: வள்ளூர் வீடுகளுக்கு உதவும் குறிப்புகள்

தோழிகளே, அரசு அறிவிப்புன்னா அது ஆண்கள் டீக்கடையில் படிக்கிற விஷயம்னு விட்டுடாதீங்க. எந்த மாதம் வரி கட்டினா தள்ளுபடி, எந்தத் தெருவில் பள்ளம் தோண்டப் போறாங்க, எங்கே முகாம் நடக்குது என்பதெல்லாம் நேரா நம்ம வீட்டுச் செலவில் வந்து நிற்கிற சங்கதி. நம்மில் பல பேருக்கு மாமியார் வீடு வள்ளூரில், அம்மா வீடு எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ. அதனால் இரண்டு பக்கத்துக்கும் பயன்படுகிற மாதிரி எழுதியிருக்கேன்.

1. முதலில், எந்த வேலைக்கு எந்த ஆபீஸ் என்பதை ஒரு தாளில் எழுதி சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்க. வள்ளூர் என்றால் ஊராட்சி அலுவலகம், அதற்கு மேல் மீஞ்சூர் வட்டார வளர்ச்சி அலுவலகம், பட்டா விஷயத்துக்குப் பொன்னேரி தாலுகா ஆபீஸ். எண்ணூர், கத்திவாக்கம், திருவொற்றியூர் எல்லாம் 2011-லிருந்து சென்னை மாநகராட்சியின் 1-வது மண்டலம். மணலி 2, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5. ஆபீஸ் மாறிப் போய் நின்னா ஒரு நாள் கூலி போச்சு.

2. புகார் எண்களைப் போனில் சேமிக்கும்போது பெயருக்கு முன்னால் 'அ' போடுங்க. 'அ குப்பை' 1913 (மாநகராட்சி), 'அ ஊராட்சி' 155340, 'அ கரண்ட்' 94987 94987, 'அ தண்ணி' 044-4567 4567 (சென்னைக் குடிநீர் வாரியம்), 'அ ரேஷன்' 1967, 'அ முதல்வர்' 1100. பட்டியலில் எல்லாம் மேலேயே வரும், இருட்டில் கண்ணாடி தேட வேண்டாம்.

3. அம்மா வீடு மாநகராட்சிப் பக்கம் இருந்தால், 94450 61913 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் 'வணக்கம்' அனுப்பச் சொல்லுங்க. வரி கட்டுவது, புகார் கொடுப்பது, சான்றிதழ் எடுப்பது என்று பட்டியல் வரும், தேர்ந்தெடுத்தால் போதும். வயசானவங்க போனில் நீங்களே ஒருமுறை செஞ்சு காட்டிட்டு வந்துடுங்க.

4. புகார் கொடுத்ததும் வரும் எண்ணை மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள்ளேயே எழுதுங்க. தினத்தாள் காலண்டர் வேண்டாம், கிழித்துப் போட்டதும் எண்ணும் போயிடும். வேலை முடியாமலேயே 'முடிந்தது' என்று செய்தி வந்தால், புதுப் புகார் கொடுக்காமல் பழைய எண்ணையே சொல்லிக் கேளுங்க. எத்தனை நாளா கிடப்பில் இருக்கு என்பதற்கு அதுதான் சாட்சி.

5. தெருவிளக்கு எரியலைன்னா 'முருகன் கோயில் பக்கத்துக் கம்பம்' என்று சொன்னா ஊரில் நாலு முருகன் கோயில் இருக்கும். கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பகலிலேயே குறிச்சு வைங்க. போட்டோ அனுப்புவதானால் இரண்டு எடுங்க: ஒன்று கிட்டத்தில், இன்னொன்று பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி தள்ளி நின்று.

6. மாநகராட்சிச் சொத்துவரியை ஏப்ரல் மாதத்துக்குள்ளும் அக்டோபர் மாதத்துக்குள்ளும் கட்டிட்டா 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் ரூ.5,000. அரையாண்டுக்கு 1,200 ரூபாய் வரி என்றால் 60 ரூபாய் மிச்சம். பூ வாங்கவாவது ஆகும். மாதம் 200 ரூபாய் தனியா ஒரு டப்பாவில் போட்டுக்கிட்டே வந்தால் அந்த மாதம் கைமாத்து வாங்க வேண்டியதில்லை. தாமதமானால் வட்டி வேறு கூடும்.

7. வள்ளூர்க்காரங்களும் வீட்டு வரியை இணையத்திலேயே கட்டலாம், ஊராட்சி வரிக்கென்று தனித் தளம் இருக்கு. எந்த ரசீதாக இருந்தாலும் மெஷினில் வருகிற வழவழப்புத் தாள் சில மாதத்தில் வெளுத்துப் போகும். வாங்கின அன்றே ஜெராக்ஸ் எடுத்து வைங்க. லேமினேஷன் பண்ணினால் அந்தச் சூட்டில் தாளே கறுத்துடும்.

8. குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்யுங்க, செலவே இல்லை. பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது, அதற்கு மேல் 15 வயது வரை ரூ.200. அப்பா அம்மா பெயரின் எழுத்து ஆதாரில் எப்படி இருக்கோ அப்படியே பிறப்புப் பதிவிலும் வரட்டும். பிறகு பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் என்று ஒவ்வொரு இடத்திலும் திருத்த அலைவது மிச்சம்.

9. முகாம் பை ஒன்று எப்போதும் தயாரா இருக்கட்டும்: ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தக முதல் பக்கம், வரி ரசீது எல்லாம் மூன்று மூன்று ஜெராக்ஸ், பாஸ்போர்ட் அளவு போட்டோ, பேனா, கோந்து. 2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் ஊரகப் பகுதிக்கு 15 துறைகளின் 46 சேவைகள், நகரத்துக்கு 13 துறைகளின் 43 சேவைகள் என்று ஒரே இடத்தில் மனு வாங்கினாங்க. அந்த மாதிரி நாளில் முகாம் வாசலில் ஜெராக்ஸ் எடுக்கவே ஒரு வரிசை நிற்கும்.

10. பட்டா, நில அளவை மாதிரி விஷயத்துக்குத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ் வரை போய்வந்தால் ஒரு நாள் முழுக்கப் போயிடும். அதற்குப் பதிலா, வருஷா வருஷம் கோடையில் பொன்னேரியில் நடக்கும் ஜமாபந்தியில் (வருவாய்த் தீர்வாயம்) நம்ம ஊருக்கு எந்த நாள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வைங்க. மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை வாங்கிக்கிட்டு வாங்க.

11. வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய்க்குத் தொடங்கப்பட்டது, 11 துறைகள் சேர்ந்து செய்கிற வேலை. கோடிக் கணக்கைப் படிச்சுப் பெருமூச்சு விடாமல், நம்ம தெரு, பிள்ளை படிக்கிற பள்ளி, போகிற ஆஸ்பத்திரி பெயர் அதில் இருக்கான்னு மட்டும் தேடுங்க. இருந்தால் அது எந்தத் துறைப் பணி என்பதையும் குறிச்சுக்கோங்க, பின்னால் கேள்வி கேட்க வசதி.

12. வேலை நடக்கிற இடத்தில் வைக்கிற பலகையை முதல் நாளே போட்டோ எடுத்துடுங்க. பணியின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்தக்காரர், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். ஒரு மழை அடிச்சா பலகை சாய்ஞ்சு மறைந்துவிடும், போட்டோ மறையாது.

13. கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு சுமார் 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் திட்டம். திருவொற்றியூர், மணலி, மாதவரம் மண்டலங்கள் அதில் அடக்கம். உங்க வாசலில் தோண்டும் முன், குடிதண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எந்த இடத்தில் போகுது என்று சுவரில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டுக் காட்டுங்க. ஜேசிபி ஓட்டுகிறவருக்கு அது ஒரு உதவி, குழாய் உடைஞ்சு பிளம்பருக்குக் கொடுக்கிற காசு நமக்கு மிச்சம். கூடவே, கழிவுநீர் இணைப்பை மழைநீர் வடிகாலில் யாரும் விடாமல் பார்த்துக்கோங்க. வடிகால் நிரம்பினால் அது திரும்ப வருகிற இடம் நம்ம வாசல்தான்.

14. இது ரொம்ப முக்கியம். புது ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் போடணும், 2021-லேயே தலைமைச் செயலாளர் அப்படி உத்தரவு போட்டாச்சு. வாசல்படிக்கும் ரோட்டுக்கும் எத்தனை விரற்கடை என்று இப்போதே அளந்து, ரோட்டு மட்டத்துக்கு நேராகப் படியின் பக்கவாட்டில் நெயில்பாலிஷால் ஒரு கோடு போட்டு வைங்க. தார் லாரி வந்து நிற்கிற அன்று அந்தக் கோட்டைக் காட்டிப் பேசினால் யாரும் மறுக்க முடியாது. இன்றைக்குக் கேட்காமல் விட்டால், நாளைக்கு வீட்டுத் தரையை உயர்த்த லட்சக் கணக்கில் நாமதான் செலவு பண்ணணும்.

15. பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற இடங்கள் முந்தின நாளே பேப்பரில் வந்துடும், பெரும்பாலும் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை. முந்தின ராத்திரியே மாவு அரைச்சு, தொட்டியை நிரப்பி, போனை ஏற்றி வைங்க. அன்றைக்கு ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்காமல் இருந்தாலே பால் கெடாது.

16. குழாய் வேலை நடந்த பிறகு வருகிற முதல் தண்ணி கலங்கலாத்தான் இருக்கும். இரண்டு மூன்று பக்கெட் பிடிச்சு வாசல் தெளிக்க, கழிப்பறைக்கு என்று ஒதுக்குங்க, தெளிந்த பிறகு குடத்தில் பிடிங்க. மறுநாளும் நாற்றமோ கலங்கலோ இருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடிச்சுத் தேதி எழுதி வச்சுட்டுப் புகார் சொல்லுங்க.

17. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகு மூன்று ஓடுது, சாம்பல் நமக்குப் புதுசில்லை. காலையில் துடைப்பத்தை எடுக்கும் முன் ஈரத்துணியால் ஜன்னல் விளிம்பைத் துடைச்சிடுங்க. உலர்ந்த துடைப்பம் சாம்பலைக் கிளப்பி மூக்குக்குத்தான் அனுப்பும். வடாம், மிளகாய் காயவைக்கும்போது மேலே பழைய மல்வேட்டியைக் கட்டுங்க. வழக்கத்தைவிட அதிகமாய் விழுகிற நாளில் தேதி, நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து என்பதை எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புங்க. வேட்டியில் படிந்ததை உதறும் முன் ஒரு போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்பினால் இன்னும் பலம்.

18. ஈரக் குப்பை, உலர் குப்பை பிரிப்பது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நாப்கின், டயப்பர், உடைந்த கண்ணாடி இவற்றைப் பேப்பரில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போடுங்க. அதைக் கையால் எடுக்கிற தூய்மைக் காவலர் நம்ம ஊர்ப் பெண்தான்.

19. கிழிந்த மெத்தை, உடைந்த சோபாவை ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாயில் தள்ள வேண்டாம், மழைக்கு அதுதான் தண்ணியை மறிக்கும். மாநகராட்சிப் பகுதியில் 1913-க்குச் சொன்னால் சனிக்கிழமைகளில் வந்து எடுத்துக்கிட்டுப் போறாங்க. வள்ளூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடைக்காரரிடம் கட்டிலும் மெத்தையும் சேர்த்துத்தான் கொடுப்பேன்னு பேசுங்க.

20. அரசுப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. அன்றைக்கு உப்புமாவா, கிச்சடியா, பொங்கலா என்று பிள்ளையிடம் கேட்டுக்கிட்டால் ராத்திரிக்கும் அதையே கிளறி வைக்காமல் தப்பிக்கலாம்.

21. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதா மாதம் காசு கொடுக்கிறீங்களா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளரிடம் பெயர் பதிஞ்சா மாத்திரை வீட்டுக்கே வரும். மற்ற மருந்துகளுக்கு 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களில் விலை கேளுங்க, மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதித் தரும்படி டாக்டரிடமே சொல்லிடுங்க.

22. ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ பாரிமுனைக்கோ போகணும்னா, எண்ணூர் வழியா வருகிறவங்க விம்கோ நகர் வரை சாதாரணக் கட்டண பஸ்ஸில் வரலாம், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2021 பிப்ரவரி 14 முதல் அங்கிருந்து மெட்ரோ ஓடுது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கிற நேரத்துக்கு அந்த மெட்ரோக் கட்டணம் தாராளமாய்த் தகும்.

23. ஐப்பசி பிறந்ததும் பூண்டி ஏரிச் செய்தியைத் தினமும் பாருங்க. அதன் முழு உயரம் 35 அடி. நிரம்பித் திறந்தால் தண்ணி கொசஸ்தலையாற்றில் இறங்கி, வள்ளூர் அணைக்கட்டைத் தாண்டி, மணலி புதுநகர், சடையங்குப்பம் வழியாக எண்ணூரில் கடலுக்குப் போகுது. நம்ம ஊரில் மழை நின்ற பிறகும் வெள்ளம் வருவதற்குக் காரணம் இதுதான். 'வினாடிக்கு ஆயிரக்கணக்கான கன அடி' என்று செய்தி வந்த உடனே அரிசி டிரம், கேஸ் சிலிண்டர், பிள்ளைகளின் சான்றிதழ் மூன்றையும் மேலே ஏற்றுங்க. மற்றதெல்லாம் பிறகு.

24. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது யாருக்கும் மறக்காது. அந்த மாதிரிப் பிசுக்கு பாத்திரத்தில், கதவில் ஒட்டினால் நேராகத் தண்ணி ஊற்றித் தேய்க்காதீங்க. முதலில் மரத்தூள் அல்லது தவிடு தூவி உறிஞ்ச விட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் துடைச்சு, அப்புறம் சோப்பு போடுங்க. நிவாரணக் கணக்கெடுப்புக்கு ஆள் வரும் முன் சுத்தம் செய்துட்டால் ஆதாரம் போயிடும், போட்டோ எடுத்த பிறகு கழுவுங்க.

25. அதே டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது ஜனங்க தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினாங்க. படுக்கைப் பக்கத்தில் ஒரு துண்டும் ஒரு பாட்டில் தண்ணியும் இருக்கட்டும். ஈரத்துண்டால் மூக்கை மூடிக்கிட்டு, காற்று அடிக்கிற திசைக்குக் குறுக்காக விலகிப் போங்க. தொழிற்சாலைகளில் ஒத்திகை நடத்துவதாக அறிவிப்பு வந்தால் வீட்டில் ஒருத்தராவது போய்ப் பார்த்துட்டு வாங்க.

26. புதுத் தொழிற்சாலை, துறைமுக விரிவாக்கம் என்று கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிச்சால், குறைந்தது 30 நாள் முன்பே ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வரணும். திட்டச் சுருக்கம் தமிழில் கலெக்டர் ஆபீசிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் இருக்கும். நாலு வீடு சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் எடுத்தால் ஆளுக்குச் சில்லறைக் காசுதான். போக முடியாதவங்க எழுத்து மூலமாகவே கருத்து அனுப்பலாம். பேசுகிறவங்க மூன்றே விஷயத்தைச் சீட்டில் எழுதிக்கிட்டுப் போங்க: நம்ம தண்ணி, நம்ம மூச்சு, நம்ம வீட்டு ஆளுக்கு வேலை. முடிவில் கூட்டக் குறிப்பை எல்லார் முன்னாலும் நம்ம மொழியில் வாசிக்கணும், அதைக் கேட்காமல் எழுந்து வந்துடாதீங்க.

27. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போட்டால் 30 நாளில் பதில் தரணும். 'ஏன் செய்யலை' என்று கேட்காதீங்க. 'இந்தத் தெரு வடிகால் பணியின் மதிப்பீட்டு நகல் கொடுங்க' என்று தாளைக் கேளுங்க, தட்டிக் கழிக்க வழியில்லை.

28. கிராமசபை வருஷத்தில் ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மகளிர் குழுவில் பத்துப் பேர் சேர்ந்து ஒரே கோரிக்கையை எழுதி எடுத்துக்கிட்டுப் போனால் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். கையெழுத்துப் போடும் முன் மேலே எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்லுங்க. தீர்மான நகலும் கேட்டு வாங்குங்க. அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுத் தோழியையும் அழைச்சுக்கிட்டு வாங்க.