வாக்குச் சீட்டு வருமுன்

பேர்ண்
4 ஆகஸ்ட் 2024

அன்பு மகளுக்கு,



முதலாம் திகதி சுவிஸ் தேசிய தினத்துக்கு எல்லோரும் கூடியிருந்தபோது நீ கதைத்ததைக் கேட்டு நான் பேசாமல் இருந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. நல்ல நாளும் அதுவுமாகத் தர்க்கம் வேண்டாம் என்று உன் பெரியம்மா கண்ணைக் காட்டினா, அவ்வளவுதான். அன்றைக்கிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை.

நடுநிலையை அரசியல் யாப்பில் இறுக்கி எழுதச் சொல்லும் அந்த முன்மொழிவுக்கு 'ஆம்' போடப்போவதாகச் சொன்னாய். ஏப்ரலில் ஒரு லட்சத்து முப்பதாயிரமளவு கையெழுத்தோடு கொடுத்திருக்கிறார்கள். எப்போதாவது வாக்குச் சீட்டு வீட்டுக்கு வரத்தான் போகிறது. வாக்கு உன்னுடையது. பிரஜாவுரிமை எடுத்துப் படித்து வளர்ந்த பிள்ளைக்கு இப்படிப் போடு, அப்படிப் போடு என்று சொல்ல நான் யார்? ஆனால் 1515இலிருந்து நாங்கள் நடுநிலை, யாருடைய சண்டையிலும் தலைபோடாததால்தான் நன்றாக இருக்கிறோம் என்று வேறு சொன்னாயே, அதுதான் என்னைக் குடைகிறது. வெளிவிவகாரச் சேவைப் போட்டிப் பரீட்சைக்குப் போகிறவள் நீ. சட்டம் உனக்குத்தான் தெரியும். சரித்திரம் நான் உணவகக் குசினியில் நின்ற காலத்தில் பழைய பத்திரிகைகளிலும் நூலகப் புத்தகங்களிலும் தேடிப் படித்தது. அதனால் கொஞ்சம் கேள்.

1515இல் மரின்யானோவில் பிரெஞ்சு மன்னனிடம் சுவிஸ்காரர் அடி வாங்கினார்கள், உண்மை. இத்தாலிப் பக்கம் நாடு பிடிக்கும் ஆசை அதோடு அடங்கியது. சண்டை அடங்கவில்லை. 1536இல் பேர்ண்காரர் போய் வோ பகுதியைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகும் முந்நூறு வருஷமளவுக்குத் தங்கள் பிள்ளைகளைக் கூலிப்படையாக ஐரோப்பிய மன்னர்களுக்கு அனுப்பிக் காசு பார்த்தார்கள். லுசேர்னில் பாறையில் செதுக்கிய சிங்கத்தின் முன்னால் நீ பல் விழுந்த வாயோடு நின்று எடுத்த படம் எங்கள் ஹோலில் மாட்டியிருக்கிறது. அந்தச் சிங்கம் 1792இல் பாரிஸ் அரண்மனையில் பிரெஞ்சு அரசனைக் காக்கப்போய்ச் செத்த சுவிஸ் காவலர்களுக்காக வடித்தது. அது நடுநிலையின் சின்னமா?

நடுநிலை என்று உத்தியோகபூர்வமாக அறிவித்தது 1674இல்தான். அது 1798இல் காப்பாற்றவில்லை. பிரெஞ்சுப் படை வந்து பேர்ணின் திறைசேரியையே அள்ளிக்கொண்டு போனது. பிறகு 1815 நவம்பர் 20இல் பாரிசில் வல்லரசுகள் கூடி அங்கீகரித்தன. வாசகத்தை எழுதிக்கொடுத்தவர் ஜெனிவாக்காரர் பிக்தே த ரொஷ்மோன். கெட்டிக்காரன். பிரான்சுக்கும் ஒஸ்ரியாவுக்கும் நடுவில் அந்த மலைக் கணவாய்கள் ஒருவர் கைக்கும் போகக்கூடாது என்பது வல்லரசுகளுக்கே தேவையாக இருந்தது. அதைப் பார்த்து எழுதினார்.

இனி நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது 1848. சமஷ்டி யாப்பை எழுதியவர்கள், நாட்டின் நோக்கங்களைச் சொல்லும் பிரிவில் நடுநிலையைச் சேர்க்க மறுத்தார்கள். சுதந்திரம்தான் நோக்கம், நடுநிலை அதற்கு ஒரு வழி, ஒரு காலத்தில் அதை விடவேண்டியும் வரலாம் என்று யோசித்துத்தான் விட்டார்கள். இன்றைய யாப்பிலும் அது பாராளுமன்றத்தினதும் சமஷ்டி அரசினதும் பொறுப்புகளுக்குள்ளேதான் வருகிறது. 176 வருஷமாக வேண்டுமென்றே திறந்து வைத்திருந்ததைப் பூட்டத்தான் இப்போது உன் வாக்கைக் கேட்கிறார்கள்.

நடுநிலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. லுசேர்னில் அதே நாள் பார்த்த பூர்பாக்கி வட்ட ஓவியம் ஞாபகம் இருக்கும். 1871 பெப்ரவரி, ஜேர்மன் படையிடம் தோற்ற பூர்பாக்கியின் பிரெஞ்சுப் படை, 87,000 பேர், லே வெரியேர் பக்கத்து எல்லைகளால் மூன்று நாளில் உள்ளே வந்தார்கள். அப்போது இந்த நாட்டில் முப்பது லட்சம் சனமும் இல்லை. துவக்குகளை வாங்கி எல்லையிலேயே குவித்துவிட்டு, ஆட்களை உள்ளே எடுத்து, மாநிலம் மாநிலமாகப் பிரித்துச் சாப்பாடு போட்டார்கள். சட்டமும் மீறப்படவில்லை, மனிதரும் சாகவிடப்படவில்லை. அந்த நடுநிலைக்கு நான் இரண்டு கையாலும் வாக்குப் போடுவேன்.

அதே சட்டத்தை வைத்துக்கொண்டு 1938இல் செய்தது என்ன? ஜேர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில் 'ஜே' முத்திரை குத்த ஹிட்லரின் அரசோடு உடன்பட்டார்கள். 1942 ஆகஸ்டில் எல்லையைச் சாத்தினார்கள். இனத்தால் துரத்தப்படுவது மட்டும் அகதியாவதற்குப் போதாது என்று சுற்றறிக்கை விட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று சரித்திரக்காரர் இன்றும் வாதாடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் என்பதில் வாதமில்லை. அதே ஆண்டுகளில் தேசிய வங்கி ஜேர்மன் வங்கியிடமிருந்து 120 கோடி பிராங்குக்குத் தங்கம் வாங்கியது. அதில் பெல்ஜியத்திடம் கொள்ளையடித்ததும் இருந்தது. 1946இல் 25 கோடி கட்டிக் கணக்கை முடித்தார்கள். மலைக்குள் படையை நிறுத்திய ஜெனரல் கீசானைப் பள்ளிக்கூடத்தில் உனக்குப் படிப்பித்திருப்பார்கள். படிக்க வேண்டியதுதான். செங்காலன் பொலிஸ் அதிகாரி பவுல் குரூனிங்கரையும் படி. எல்லை தாண்டி வந்த யூதர்களின் வருகைத் திகதியை முன்னுக்குப் போட்டு எழுதிப் பலநூறு பேரைக் காப்பாற்றினார். 1939இல் வேலை போனது, 1940இல் நீதிமன்றம் தண்டித்தது, ஓய்வூதியமும் இல்லை. கிடைத்த வேலைகளைச் செய்து பிழைத்து 1972இல் கண்ணை மூடினார். அவர் குற்றவாளியில்லை என்று நீதிமன்றம் சொல்ல 1995 ஆகிவிட்டது. இளமையில் நல்ல உதைபந்தாட்டக்காரன். இன்று அங்கே ஒரு மைதானத்துக்கு அவர் பேர். அவரை நீக்கியவர்களும் நாட்டின் நடுநிலையையும் ஒழுங்கையும் காத்ததாகத்தான் நினைத்திருப்பார்கள்.

நான் எங்கே வருகிறேன் என்று உனக்கு விளங்கும். 83 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் நாங்கள் ஒதுங்கப்போன வீட்டார் கேற்றைச் சாத்தின கதையை மறுபடி சொல்லவில்லை, உன் அப்பாவைக் கேள். அவர்கள் எங்களுக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை. எங்களுக்கு இரண்டு பக்கமும் வேண்டியவர்கள் என்று மட்டும் சொன்னார்கள். அடித்தவனின் முகம் எனக்கு மறந்துவிட்டது, அந்தக் கேற்றின் பச்சை நிறம் மறக்கவில்லை. பெரியப்பா எதை எடுத்தாலும் அங்கேதான் போய் நிற்பார் என்று உன் தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும்.

இங்கேயும் அப்படித்தான்: 1935இல் இத்தாலி அபிசீனியாவை அடித்தபோது, சர்வதேச சங்கத்தில் உறுப்புரிமை இருந்தும், வெளிவிவகாரம் பார்த்த மொத்தா என்ன செய்தார் தெரியுமா? அடிக்கிறவனுக்கும் அடி வாங்குகிறவனுக்கும் சேர்த்து ஆயுதத் தடை போட்டார். இத்தாலியில் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. அபிசீனியாவில் ஏது? 1938இல் தடைகள் எதிலும் சேராத முழு நடுநிலைக்கே திரும்பினார்கள். இப்போது உன்னிடம் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான்: ஐ.நா. கட்டாயமாக்கினால் ஒழியப் பொருளாதாரத் தடை கூடாது. பாதுகாப்புச் சபையில் ரஷ்யாவிடம் வீட்டோ இருக்கும்வரை ரஷ்யாவுக்கு எதிராக அது நடக்காது. 2022 பெப்ரவரி 28இல் அரசு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைகளை எடுத்துக்கொண்டதே, அதைத்தான் இனி முடியாமல் பண்ணப் பார்க்கிறார்கள்.

அதோடு, நடுநிலை என்ற பேரை நம்பி மற்றவர்கள் ஏமாந்ததும் உண்டு. சூக் மாநிலத்துக் கிரிப்டோ கம்பனியின் சங்கேத இயந்திரங்களை நூறுக்கு மேற்பட்ட நாடுகள் வாங்கின, சுவிஸ் சாமான் என்று நம்பி. கம்பனியை இரகசியமாக வைத்திருந்தது சி.ஐ.ஏ.யும் மேற்கு ஜேர்மன் உளவுத்துறையும். 2020இல்தான் முழுக்க வெளியில் வந்தது.

நீ என்ன சொல்லுவாய் என்றும் தெரியும். 1953இலிருந்து கொரிய எல்லையில் கண்காணிப்பு, 1980இலிருந்து தெஹ்ரானில் அமெரிக்காவுக்காகக் கடிதம் காவுவது, ஏன், 2006இல் நம்முடைய இலங்கைச் சமாதானப் பேச்சுவார்த்தைக்கே பெப்ரவரியிலும் ஒக்ரோபரிலும் ஜெனிவாவில் இடம் கொடுத்தது. எல்லாம் சரி, நன்றி மறக்கவில்லை. பேச்சு முறிந்தது இவர்கள் பிழையுமில்லை. ஆனால் இதையெல்லாம் அந்தப் புது வரி யாப்பில் இல்லாமலேதான் செய்தார்கள். 1986இல் ஐ.நா.வே வேண்டாம் என்று முக்கால்வாசிப் பேர் வாக்களித்தார்கள், 2002இல் 54.6 வீதத்தோடு சேர்ந்தார்கள். 2023, 2024 இரண்டு வருஷமும் பாதுகாப்புச் சபையிலேயே இருந்தார்கள். நடுநிலை கெட்டா போனது? காலத்துக்குக் காலம் மாற்றிப் பிடித்துத்தான் இந்தச் சின்ன நாடு தப்பியிருக்கிறது.

ஆகவே நன்றாக வாசி, இரண்டு பக்கத்தையும் வாசி, பிறகு உன் மனம் சொல்கிறபடி போடு. 'ஆம்' போட்டாலும் நீ எங்கள் பிள்ளைதான். 'இல்லை' போட்டால் எனக்கு நித்திரை வரும்.

கன நேரம் லெக்சர் அடித்துவிட்டேன், கோவிக்காதே. எங்கள் குடும்பத்தில் இந்த நாட்டுக்காக வெளியில் போய்ப் பேசக்கூடிய ஒரு பிள்ளை வரும் என்று நாங்கள் ஒருவரும் கனவும் காணவில்லை. நீ வாய் திறந்தால் சபை கேட்கும், அது உன் அப்பம்மாவிடமிருந்து வந்தது. பரீட்சை முதல் தரம் சரிவராவிட்டாலும் கவலைப்படாதே. பேர்ணுக்கு வந்து நின்று படிப்பதென்றால் மேல் அறை காலியாகத்தான் கிடக்கிறது, வாடகைக் கதை எடுத்தால் எனக்குக் கோபம் வரும். ஊரிலிருந்து ஒடியல் மா வந்திருக்கிறது. நீ வந்தால்தான் கூழ் என்று பெரியம்மா அடம்பிடிக்கிறா. வருகிற ஞாயிறு தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. ரயில் ஏறியதும் ஒரு போன் எடு, நான் பான்ஹோஃபுக்கு வருகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா