கெட்டிக்காரப் பிள்ளைக்குத் திடலில் ஒரு பாடம்

2015 யு.பி.எஸ்.ஆர். சோதனையில் 7ஏ எடுத்தவன் நான். பெக்கான் நானாஸில் எங்க தாமான் முழுக்கத் தெரியும். பிறகு பொறியியல் படிக்கப் போனேன். முதல் செமஸ்டர் கணிதத் தாளில் முதல் கேள்வியே புரியல. கை நடுங்கிச்சு. தெரிந்த கேள்விகளையும் கோட்டை விட்டேன். பெயில்!

எனக்கு அறிவு குறையவில்லை. தவறினால் அடுத்து என்ன செய்வது என்று அதுவரை கற்றதே இல்லை.

மீத்திறன் மாணவர் பலருக்கு இதே சிக்கல்தான். வகுப்பில் எல்லாம் சுலபமாக வருவதால் தோற்றுப் பழக வாய்ப்பே கிடைப்பதில்லை. திடலில் கிடைக்கும். பூப்பந்து வலையில் மாட்டினால் அடுத்த நிமிடமே மறுபடி அடிக்கலாம், மார்க் குறையாது. நாமோ சோதனை வந்தால் முதலில் உடற்கல்வி நேரத்தைத்தான் பிடுங்குகிறோம்.

நம்ம ஊரிலிருந்து இரண்டாவது பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கேதான் 2024 டிசம்பர் 12-இல் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்க வெற்றியாளர் ஆனார். முதல் ஆட்டத்திலேயே தோல்வி, 3-ஆவதில் வென்றார். 12-ஆவதில் மீண்டும் தோல்வி. 14-ஆவதில் வென்று 7.5-6.5 என முடித்தார். அவருக்கு மனப்பயிற்சி கொடுத்த பேடி அப்டன், 2011-இல் உலகக் கிண்ணம் வென்ற இந்திய கிரிக்கெட் அணியுடன் அதே பணியைச் செய்தவர். திடலில் பயன்பட்ட பயிற்சி சதுரங்க மேசைக்கும் உதவியது.

நாமும் மூன்று பயிற்சிகளைச் சொல்லித் தரலாம்:

1. மூச்சு: பந்தை அடிக்கும் முன் மெதுவாக ஒரு மூச்சு. வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும்.

2. மனக்காட்சி: கண்ணை மூடி, பந்து எங்கே விழ வேண்டும் என்று மனதில் பார்ப்பது.

3. உள்பேச்சு: தவறினால் "நான் வேஸ்ட்" என்று திட்டிக்கொள்ளாமல், "கொஞ்சம் மேலே அடி" என்று திருத்தத்தை மட்டும் சொல்லிக்கொள்வது.

முடிவில் ஒரு கேள்வி கட்டாயம்: "தம்பி, இதை வகுப்பில் எப்போது பயன்படுத்துவாய்?" இதைக் கேட்காவிட்டால் கற்றது திடலோடு நின்றுவிடும்.

அந்தத் தாளை மறுபடி எழுதினேன். அப்போதும் முதல் கேள்வி வரல. ஒரு நீண்ட மூச்சு விட்டு இரண்டாவதுக்குப் போனேன். பி கிடைத்தது. 7ஏ-வைவிட அந்த பி-தான் எனக்குப் பெருமை.

வார வகுப்பு நடத்தும் அண்ணன்களே, அக்காக்களே, இந்த வாரம் பத்து நிமிடம் பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிப் போங்கள். நன்றாகத் தவறட்டும், மறுபடி அடிக்கட்டும்.