பீலி முனையில் மே மாதம்

மாணவர்களே! பீலி என்றதும் உங்களுக்கு மயிற்பீலிதான் நினைவுக்கு வரும். இங்கே நாம் காணப்போகும் பீலி வேறு. ‘மொட்டையான’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கனடா நாட்டுப் பெருநிலத்தின் தென்கோடியில், ஈரி என்னும் பேரேரிக்குள் ஆப்புப் போல நீண்டு, நுனியில் வெறும் மணல்திட்டாக முடிகிற நிலமுனைக்கு அப்பெயர் வழங்குகிறது. 1918-ஆம் ஆண்டில் இவ்விடம் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பரப்பு சுமார் 15 சதுர கி.மீ. மட்டுமே, அதிலும் பெரும்பகுதி சதுப்பு நிலம். ஆயினும், இதுவரை 380-க்கும் மேற்பட்ட பறவை வகைகள் இங்கே காணப்பட்டிருக்கின்றன!

ஆண்டுதோறும் மே மாத முதல் பாதியில் இங்கே பறவை பார்ப்போர் கூட்டம் அலைமோதும். அவர்கள் முக்கியமாகத் தேடுவது வார்ப்ளர் என்னும் சிறு பறவைகளை. ஒன்றின் எடை சுமார் 10 கிராம். நம் சிட்டுக்குருவியில் பாதிகூட இல்லை. மஞ்சள், ஆரஞ்சு, நீலம், கறுப்பு என வகைக்கொரு வண்ணம். குளிர்காலத்தை மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கழித்துவிட்டு, கனடாவின் வடபகுதிக் காடுகளில் கூடு கட்டுவதற்காக அவை போய்க்கொண்டிருக்கின்றன.

இங்கே ஏன் இறங்குகின்றன?

வார்ப்ளர்கள் இரவில் பறப்பவை. இரவில் காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும், உடல் சூடேறாது, வல்லூறுகளின் தொல்லை குறைவு. பகல் முழுவதும் இரை தேடவும் நேரம் கிடைக்கிறது. மாலையில் ஏரிக்குத் தெற்கேயிருந்து கிளம்பும் பறவைகளுள் பல, பொழுது விடியும்போது இன்னும் தண்ணீருக்கு மேலேயே இருக்கும். களைத்த பறவையின் கண்ணுக்கு முதலில் தெரியும் நிலம், ஏரிக்குள் நீண்டிருக்கும் இம்முனைதான். ஆகவே அங்கே இறங்கிவிடுகிறது.

சில நாட்களில் இன்னொன்றும் நடக்கும். தெற்கிலிருந்து வீசும் வெதுவெதுப்பான காற்று பறவைகளைத் தள்ளிக்கொண்டு வரும். நள்ளிரவுக்குப் பின் வடக்கிலிருந்து குளிர்காற்றும் மழையும் எதிர்ப்பட்டால், அவற்றால் மேலே செல்ல முடியாது. கிடைத்த இடத்தில் கூட்டம் கூட்டமாக இறங்கும். அன்று காலை மரக்கிளைகளில் மட்டுமல்ல, மணலிலும் மனிதர்களின் காலடியிலுங்கூடப் பறவைகள் பூச்சி பொறுக்குவதைக் காணலாம். பார்ப்பவருக்கு அது விருந்து. பறவைக்கோ உயிர்ப் போராட்டம்.

புறப்படும் நாளை யார் சொல்வது?

குளிர் குறைந்ததும் பறவைகள் கிளம்புகின்றன என்று நீங்கள் எண்ணலாம். வெப்ப நாட்டில் தங்கியுள்ள பறவைக்கு வடக்கே குளிர் குறைந்தது எப்படித் தெரியும்? 1920-களில் கனடாவின் எட்மன்டன் நகரில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். ஜங்கோ என்னும் சிறு பறவைகளைக் கடுங்குளிரில் திறந்தவெளிக் கூண்டில் வைத்தார். ஒரு கூண்டில் மட்டும், மாலையானதும் மின்விளக்கேற்றிப் பகலின் நீளத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி வந்தார். நடுக்குளிர்காலத்திலேயே அப்பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள், வசந்த காலத்தில் வளர்வது போல வளர்ந்துவிட்டன. விளக்கில்லாத கூண்டிலிருந்தவற்றில் அம்மாற்றம் இல்லை. பகல் நீள்வதே பறவையின் நாட்காட்டி என்பது இதனால் புலனாயிற்று.

திசையை அறிவது எப்படி? 1960-களில் ஸ்டீபன் எம்லென் என்ற அமெரிக்க அறிஞர், நீலப் பண்டிங் பறவைகளைக் கோளரங்கத்துக்குள் கொண்டு சென்றார். புனல் வடிவக் காகிதக் கூண்டின் அடியில் மை தோய்ந்த பஞ்சணை இருக்கும். பறவை எந்தப் பக்கம் தாவுகிறதோ அந்தப் பக்கக் காகிதத்தில் கால்தடம் பதியும். வசந்தகால விண்மீன்களைக் காட்டியதும் தடங்கள் வடக்கு நோக்கிப் பதிந்தன. விண்மீன்களைத் திசை மாற்றிக் காட்டியதும் தடங்களும் மாறின!

நாட்காட்டி பிசகினால்?

இங்கேதான் ஒரு சிக்கல். பறவை பகலின் நீளத்தைப் பார்த்துக் கிளம்புகிறது. அதன் குஞ்சுகளுக்கு உணவாகும் புழுக்களோ, வெப்பம் கூடி மரம் தளிர்க்கும்போது பொரிக்கின்றன. சூரியனின் கணக்கு ஆண்டுதோறும் மாறாது. ஆனால் புவி சூடாவதால் தளிர்க்கும் காலம் முந்திக்கொண்டு வருகிறது. பறவை வந்து கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பதற்குள் புழுக்காலம் முடிந்துவிடுகிறது. நெதர்லாந்தில் ஈப்பிடிப்பான் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2006-இல் வெளியிட்ட முடிவு இது: புழுக்காலம் மிகவும் முந்திவிட்ட காடுகளில், இருபது ஆண்டுகளுக்குள் அப்பறவையின் தொகை சுமார் 90 விழுக்காடு குறைந்துவிட்டது.

வழியிலும் ஆபத்துகள் உண்டு. நகர விளக்குகள் இரவுப் பயணிகளைக் குழப்புகின்றன. கண்ணாடிச் சுவர்களில் மோதிப் பல மடிகின்றன. காடும் புல்வெளியும் அழிவது எல்லாவற்றினும் பெரிய இடர். வட அமெரிக்காவில் 1970-இல் இருந்ததைவிட ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பறவைகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிக் குறித்து வைத்தவர்களுள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத ஆர்வலர்களே. அக்குறிப்புகள் இல்லையேல் இந்த இழப்பு நமக்குத் தெரிந்தே இராது.

நீங்களும் செய்யலாம்

நம் கோடியக்கரையும் கடலுக்குள் நீண்ட ஒரு முனைதான். குளிர்காலத்தில் அங்கும் வலசைப் பறவைகள் திரளுகின்றன. உங்கள் ஊர்க் குளக்கரைக்கும் வயலுக்கும் வாலாட்டிக் குருவிகள் குளிர்காலத்தில் வருகின்றன. மார்ச், ஏப்ரலில் அவை வடக்கே திரும்பிவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், இடம், காற்றின் திசை, பறவைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். ஒன்றும் காணாத நாளில் ‘இல்லை’ என்று எழுதுங்கள்; அதுவும் ஒரு செய்தியே. வாலாட்டியைக் கடைசியாகக் கண்ட நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து ஆண்டுகள் விடாமல் எழுதினால், எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு செய்தி உங்கள் நோட்டில் இருக்கும்.