உலாவியை மூடிய பின்னும் நடக்கும் வேலை

திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனத்துக்குச் சித்தூரிலிருந்து ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். ஓ.டி.பி. எண்ணை இட்டு அனுப்பிய மறுகணமே உலாவி மூடிக்கொள்கிறது. பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வருகிறது, சீட்டைக் காணோம். உடனே மீண்டும் பணம் கட்டலாமா?

கூடாது என்பதே நம் கருத்து. கிளையின் முகப்பில் காசோலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் உள்ளே வேலை நின்றுவிடுவதில்லை. இணையத்திலும் அப்படியே. கட்டளை வங்கியின் சர்வரை எட்டும் முன் உலாவியை மூடினால் எதுவும் நிகழாது; எட்டிய பின் மூடினால் வேலை தொடரும். (ஆவணப் பதிவேற்றம் வேறு வகை. அதைச் செய்வது உலாவியே. பாதியில் மூடினால் பெரும்பாலும் அறுந்துபோகும்.)

பணம் வந்த செய்தி பதிவுத் தளத்துக்குப் பொதுவாக இரு வழிகளில் செல்லும். ஒன்று, உலாவியே அத்தளத்துக்குத் திரும்பிச் சென்று தெரிவிப்பது. மூடினால் இவ்வழி அடைபடும். மற்றொன்று, கட்டணச் சேவையின் சர்வர் தளத்தின் சர்வருக்கு நேரே அனுப்புவது. மறுமொழி கிடைக்காவிடில் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பும். ஒரே செய்தி இருமுறை வந்தாலும் இரு சீட்டுகள் உருவாகா. ஒழுங்காக அமைக்கப்பட்ட தளம் ஆணை எண்ணைப் பார்த்து இரண்டாவதை ஒதுக்கிவிடும். ஆனால் வாடிக்கையாளரே மறுபடி பணம் கட்டினால் புதிய ஆணை எண் பிறக்கிறது. அது தவறி வந்த நகல் அன்று. உண்மையான இரண்டாம் கட்டணம். ஆணை எண்ணை மட்டும் பார்க்கும் சர்வரால் அதைத் தடுக்க இயலாது.

ஆகவே முதலில் தளத்தில் உள்நுழைந்து பதிவு வரலாற்றைப் பாருங்கள். சீட்டு அங்கே காத்திருக்கலாம். இல்லையெனில் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தேடுபொறியில் கிடைக்கும் 'உதவி எண்'களை அழைக்க வேண்டா. மோசடிக்காரர்கள் அங்கேதான் வலை விரிக்கிறார்கள்.

பணம் கழிந்தும் உறுதிச்செய்தி விற்பவரை எட்டாதபோது என்ன செய்வது என்பதை ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையில் வரையறுத்துள்ளது. இணையவழி அட்டைக் கட்டணத்துக்கும் யு.பி.ஐ. வணிகக் கட்டணத்துக்கும் பரிவர்த்தனை நாளுக்குப் பின் 5 நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கு வாடிக்கையாளர் புகார் தரவேண்டியதில்லை. செய்தி தளத்தை எட்டியும் சீட்டு தீர்ந்திருந்தால் இவ்விதி பொருந்தாது. அப்போது பணத்தைத் திருப்ப வேண்டியது அத்தளமே. வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு 30 நாட்களாகியும் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் இல்லை.